மறதியும் மறதி நோயும்

முதியவர் ஒருவர் பெயரொன்றை மறந்துவிட்டால், "வயதாகிவிட்டது" என்று சொல்லிவிட்டு நாம் நம் காரியத்தைப் பார்க்கப் போய்விடுகிறோம். எங்கள் கோம்பையிலும் இதுவே வழக்கம். பெரும்பாலும் அது சரியே. ஆயினும் அந்தச் சொல்லின் மறைவில் சில வேளை ஒரு நோயும் ஒளிந்திருத்தல் கூடும். அதை அறிந்துகொள்ளும் வகையைப் பற்றியே இன்று சொல்ல விழைகிறேன்.

1906-ஆம் ஆண்டில், ஜெர்மானிய மருத்துவர் அலோயிஸ் அல்ஸைமர், 51 வயதில் தம்மிடம் வந்த ஒரு பெண்மணியின் வரலாற்றை மருத்துவர் அவையில் எடுத்துரைத்தார். அவர் இறந்தபின் மூளையைச் சோதித்தபோது அதில் படிவுகளும் சிக்குண்ட இழைகளும் காணப்பட்டன. ஆகவே இது முதுமையின் இயல்பன்று. மூளையைப் பற்றும் நோய். நம் நாட்டில் 60 வயது கடந்தவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல் மறதி நோய் உண்டென்று 2023-இல் வெளிவந்த ஆய்வொன்று மதிப்பிடுகிறது.

பேரனின் பெயர் நாவில் வராமல், சற்று நேரங்கழித்து நினைவுக்கு வருமாயின் அது சாதாரண மறதி. சொன்ன விடையை மறந்து அதே கேள்வியை மீண்டும் மீண்டும் கேட்பது வேறு. ஏலக்காயைத் தரம் பிரித்தே பழகிய கை தடுமாறுவதும், உத்தமபாளையத்துக்குப் பலநூறு முறை போய்வந்தவர் திரும்பும் வழி தெரியாமல் திகைப்பதும், சில்லறை எண்ண இயலாமல் கடைக்காரரிடமே பணப்பையை நீட்டுவதும் எச்சரிக்கைகளாகும். மூக்குக் கண்ணாடியை அரிசிப் பானையில் வைத்துவிட்டு, மருமகள் எடுத்துக்கொண்டாள் என்று சாதிப்பாரும் உண்டு. குடும்பத்தில் அது பெரும் பூசலாகிறது. நோயின் பேச்சை மனிதரின் பேச்சாகக் கொள்வதால் வரும் வினை அது.

விரைந்து அறிவதால் என்ன பயன்? தைராய்டுக் குறை, பி12 உயிர்ச்சத்துக் குறை, மனச்சோர்வு, சில மருந்துகள், தலையில் அடிபட்டுக் கட்டிய இரத்தம் ஆகியவற்றாலும் நினைவு மங்கலாம். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. ஏனைய வகைகளை முற்றும் மாற்ற இயலாவிடினும், மருந்தாலும் பராமரிப்பாலும் துன்பத்தைக் குறைக்கலாம். நிலபுலன் பற்றிய தம் விருப்பத்தை அவரே தெளிவாகச் சொல்லவும் காலம் கிட்டும்.

ஆகவே, ஆறு மாதங்களாக வீட்டில் கண்ட மாறுதல்களைக் குறித்துக்கொண்டு அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். தேவையானால் க. விலக்கிலுள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்லலாம். ஓரிரு நாளில் திடீரென அறிவு குழம்பினால் சற்றும் தாமதிக்கலாகாது. அதுவரை அவரைக் கடிந்து பேசாதீர்கள். நூறாவது முறை கேட்டாலும் முதன்முறைபோல் விடை கூறுங்கள்.