சிவாலய ஓட்டமா? முதலில் பாதத்தைப் பாருங்கள்!

மாசி பிறந்துவிட்டால் எங்கள் குமரி மாவட்டத்து வீடுகளில் காவி வேட்டியும் பனையோலை விசிறியும் வெளியே வந்துவிடும். மகா சிவராத்திரிக்கு முந்தின நாள் மாலை முஞ்சிறை திருமலையில் 'கோவிந்தா, கோபாலா' என்று புறப்படுகிறவர்கள், திக்குறிச்சி, திற்பரப்பு, கல்குளம் என்று 12 சிவாலயங்களையும் வெறுங்காலோடு தொழுது திருநட்டாலத்தில் முடிப்பார்கள். 100 கிலோமீட்டருக்கு மேல்!

மூன்று வருஷத்துக்கு முன்பு என் வீட்டுக்காரர் ஓடினார். சர்க்கரை வியாதிக்காரர். வேண்டாம் என்றேன். "பத்து வருஷமா ஓடுத காலுதானே!" என்று என் வாயை அடைத்துவிட்டார். வழியில் குப்பிச்சில்லு குத்தியதே அவருக்குத் தெரியவில்லை. சர்க்கரை நாள்பட்டால் பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிடுமே! புண் ஆறாமல் கடைசியில் ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று.

போன வருஷம் மகன் கிளம்பினான். தடுக்க மனசு வரவில்லை. ஆனால் இந்தத் தடவை நான் சும்மா இருக்கவில்லை. நாங்கள் செய்ததைச் சொல்கிறேன், உங்களுக்கும் உதவும்.

ஒரு மாதம் முன்பே தினமும் வெறுங்காலோடு நடந்து பழக வேண்டும். முதலில் அரை மணி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம்.

கோயில்தோறும் குளித்து ஈரவேட்டியோடு ஓடுவதால் தொடை உரசிப் புண்ணாகும். முன்கூட்டியே தேங்காயெண்ணெய் தடவுங்கள்.

மதிய வெயிலில் தார் ரோடு கொதிக்கும். அந்த நேரம் நிழலில் இளைப்பாறுவதே புத்திசாலித்தனம்.

தாகம் எடுக்கும்வரை காத்திருக்க வேண்டாம். கொதித்து ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் கலந்து அடிக்கடி குடிக்கலாம்.

கொப்புளத்தை உடைக்காதீர்கள். கழுவித் துடைத்து, சுத்தமான துணியால் மூடுங்கள்.

நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ அங்கேயே நிறுத்தி, டாக்டரிடம் போக வேண்டும்.

சர்க்கரை உள்ளவர்கள் வெறுங்காலோடு ஓடவே வேண்டாம். இப்போது எத்தனையோ பேர் வண்டியில் போய் 12 கோயிலும் தொழுகிறார்கள். சுவாமி கோபிக்கவா போகிறார்?

என் வீட்டுக்காரரும் அப்படித்தான் வண்டியில், செருப்போடு, மகன் பின்னாலேயே போனார். கோயிலுக்குக் கோயில் டார்ச் அடித்து, "காலைக் காட்டு மக்கா" என்று பாதத்தைப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினாராம். திரும்பி வந்த மகன் சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.