வட்டிலப்பம்

வட்டிலப்பம் என்பது தேங்காய்ப்பால், முட்டை, வெல்லம், ஏலக்காய் ஆகியவற்றைக் கலந்து ஆவியில் வேகவைத்துச் செய்யப்படும் ஓர் இனிப்பு. வட்டலப்பம், வட்டலாப்பம் என்றும் இதனை அழைப்பர். இது இலங்கையில் பரவலாக உண்ணப்படுகிறது. நாகூர், கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற தமிழகக் கடற்கரை ஊர்களின் முஸ்லிம் வீடுகளிலும் இது விருந்துப் பண்டமாகும். முறைப்படி செய்த வட்டிலப்பத்தில் பசும்பாலோ நெய்யோ இல்லை. எனவே, பால் ஒவ்வாதவர்கள் இலங்கைப் பயணத்தில் தேடி உண்ணத்தக்க இனிப்புகளுள் இதுவும் ஒன்று.

பெயரும் வரலாறும்

வட்டில் என்பது கிண்ணத்தைக் குறிக்கும் தமிழ்ச் சொல். வட்டிலில் ஊற்றி அவிப்பதால் வட்டிலப்பம் என்ற பெயர் வந்தது என்பர். பெயர் தமிழாக இருந்தாலும், பண்டம் இலங்கை மலாயர் வழியாக வந்ததாகக் கருதப்படுகிறது. ஒல்லாந்தர் இலங்கையின் கரையோரப் பகுதிகளை ஆண்ட காலத்தில் (1658–1796) சாவா முதலிய தீவுகளிலிருந்து படைவீரர்களும் நாடு கடத்தப்பட்டவர்களும் அங்குக் கொண்டுவரப்பட்டனர். அவர்களின் வழிவந்தோரே இலங்கை மலாயர். மலாய் மக்களின் 'சிறீகாயா' என்னும் இனிப்பும் முட்டை, தேங்காய்ப்பால், சர்க்கரை கொண்டே செய்யப்படுகிறது. பின்னர் இலங்கைச் சோனகரின் நோன்புப் பெருநாள் விருந்தில் வட்டிலப்பம் நிலையான இடம் பெற்றது. இன்று சிங்களவர், தமிழர் வீடுகளிலும் உணவகங்களிலும் இது பரிமாறப்படுகிறது.

பாக்கு நீரிணையின் இரு கரைகள்

நாகப்பட்டினம் மாவட்டத்தின் கோடியக்கரைக்கும் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரைக்கும் இடையே உள்ள கடல் ஏறத்தாழ 55 கி.மீ. அகலமே. ஆனாலும் இரு கரைகளின் இனிப்புகளில் ஒரு வேறுபாடு உண்டு. காவிரிப் படுகையின் புகழ்பெற்ற இனிப்பான திருவையாற்று அசோகா, பாசிப்பருப்புடன் நெய் சேர்த்துச் செய்யப்படுவது. தமிழகக் கடை இனிப்புகளில் பெரும்பாலானவை நெய்யையோ பாலையோ நம்பியுள்ளன. இலங்கையில் அந்த இடத்தைத் தேங்காய்ப்பால் பிடித்துக்கொள்கிறது. அரிசிமா, தேங்காய்ப்பால், வெல்லம் ஆகியவற்றைக் கிண்டிச் செய்யும் தொதலும், யாழ்ப்பாணத்தில் ஆடி முதல் நாளில் பனங்கட்டி சேர்த்துக் காய்ச்சும் ஆடிக்கூழும் இதற்குச் சான்றுகள். 2023 அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினத்திற்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் சேவை தொடங்கியது.

செய்முறை

1. கால் கிலோ வெல்லத்தை மிகச் சிறிதளவு நீரில் கரைத்து, வடிகட்டி, ஆறவிடவும். இலங்கையில் கித்துள் வெல்லம் பயன்படுத்துவர். கித்துள் என்பது தமிழகத்தில் கூந்தற்பனை எனப்படும் மரம். அது கிடைக்காவிட்டால் கருப்பட்டி ஏற்றது.
2. ஐந்து முட்டைகளை நுரை பொங்காமல் அடித்து, வெல்லக் கரைசலுடன் சேர்க்கவும். பாகு சூடாக இருந்தால் முட்டை திரிந்துவிடும்.
3. தேங்காயின் கெட்டியான முதற்பால் 250 மி.லி., ஏலப்பொடி, சிட்டிகை சாதிக்காய்ப் பொடி சேர்த்துக் கலந்து மீண்டும் வடிகட்டவும்.
4. கிண்ணத்தில் ஊற்றி, முந்திரி தூவி, நீர் சொட்டாதவாறு மூடி, மிதமான ஆவியில் 30 முதல் 45 நிமிடம் அவிக்கவும்.

இதனை இறுகச் செய்வது முட்டையின் புரதம். ஏறத்தாழ 80 பாகை செல்சியசில் அது உறைந்து, தேங்காய்ப்பாலைத் தன்னுள் பிடித்துக்கொள்கிறது. தீ அதிகமானால் புரதம் சுருங்கி நீரைக் கக்கும்; வட்டிலப்பத்தில் துளைகள் விழும். சிறு துளைகள் சிலருக்குப் பிடிக்கும். நீர் பிரிந்தால் சுவை குன்றும்.

யார் உண்ணலாம்?

பால் சேராமை இரு வகைப்படும். பாலிலுள்ள லாக்டோசு என்னும் சர்க்கரையைச் செரிக்கும் லாக்டேசு நொதி குறைவாக இருப்பது முதல் வகை. உலக மக்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினருக்குக் குழந்தைப் பருவத்திற்குப் பின் இந்நொதி குறைகிறது. வயிற்று உப்புசம், வயிற்றுப்போக்கு ஆகியன இதன் விளைவுகள். பாலின் புரதத்திற்கு உடலின் எதிர்ப்பாற்றல் காட்டும் ஒவ்வாமை இரண்டாம் வகை. இதில் சிறிதளவு பாலும் மூச்சுத் திணறல் வரை கொண்டுசெல்லலாம். நெய்யில் லாக்டோசு மிகக் குறைவு என்பதால் முதல் வகையினர் பலருக்கு அது தொல்லை தருவதில்லை. இரண்டாம் வகையினர் நெய்யையும் தவிர்க்க வேண்டும்.

தேங்காய்ப்பாலில் லாக்டோசும் இல்லை, பால் புரதமும் இல்லை. எனினும் கடைகளில் வாங்கும்போது பின்வருவனவற்றைக் கேட்டறிய வேண்டும்:

- இனிப்புக்காக டின்பாலோ, கெட்டித்தன்மைக்காகப் பால்மாவோ சேர்த்துள்ளனரா?
- முந்திரியை நெய்யில் வறுத்தனரா?
- பொட்டலத் தேங்காய்ப்பால் மாவு பயன்படுத்தினரா? சில வகை மாவுகளில் சோடியம் கேசினேட் என்னும் பால் புரதம் சேர்க்கப்படுகிறது.

பால் இல்லை என்பதால் இதனை நனிசைவ உணவு எனக் கொள்ளக் கூடாது. முட்டையே இதன் அடிப்படை. முட்டை அல்லது முந்திரி ஒவ்வாதவர்கள் இதனைத் தவிர்க்க வேண்டும். நீரிழிவு உள்ளவர்களுக்குக் கித்துள் வெல்லமும் சர்க்கரையே. முட்டையும் வேண்டாதவர்களுக்கு, நெய் சேர்க்காத தொதல் பொருந்தும்.