ஹார்மோனுக்குத் துணைபோகும் புரதம்

பிட்யூட்டரியின் பின்மடலிலிருந்து ஆக்சிடோசினும் வாசோப்ரெசினும் ரத்தத்தில் கலக்கின்றன. முன்னது பிரசவத்தில் கருப்பையைச் சுருக்குகிறது, தாய்ப்பாலை வெளிவரச் செய்கிறது. பின்னது சிறுநீரில் நீர் வீணாகாமல் காக்கிறது. ஆனால் இரண்டும் பின்மடலில் உருவாவதில்லை. ஹைப்போதலாமஸ் நரம்பணுக்களில் உருவாகி, அவற்றின் நீண்ட இழைகள் வழியாக இறங்கி வந்து, தேவைப்படும்வரை பின்மடலில் தங்குகின்றன.

ஒவ்வொன்றிலும் இருப்பவை 9 அமினோ அமிலங்களே. இத்தனை சிறியதை உயிரணு தனியாகத் தயாரிப்பதில்லை. ஹார்மோனையும் நியூரோபைசின் என்ற புரதத்தையும் ஒரே சங்கிலியாகக் கோத்துவிடுகிறது. நியூரோபைசினில் 90-க்குச் சற்று அதிகமான அமினோ அமிலங்கள். அவற்றை 7 கந்தகப் பிணைப்புகள் இறுக்கிக் கட்டியிருக்கின்றன. அதிலுள்ள ஒரு குழியில் ஹார்மோனின் முனை பொருந்தி அமர்கிறது. ஹார்மோனைச் சுமக்கும் நுண்பைக்குள் நொதிகள் சங்கிலியை வெட்டிய பிறகும் இரண்டும் பிரிவதில்லை. உள்ளே நிலவும் அமிலத்தன்மை, ஏறத்தாழ பிஎச் 5.5, பிடியை இறுக்கமாகவே வைத்திருக்கிறது. பிஎச் 7.4 கொண்ட ரத்தத்தில் விழுந்ததும் பிடி தளர்ந்து ஹார்மோன் விடுபடுகிறது.

பாடநூல்கள் ஓரிரு வரியில் கடந்துவிடும் இந்தப் புரதத்தை மருத்துவம் அப்படிக் கடக்க முடியாது. பரம்பரையாக வரும் ஒருவகை டயபடீஸ் இன்சிபிடஸுக்கு (சர்க்கரை நோய்க்கும் இதற்கும் பெயரளவில்தான் உறவு) வாசோப்ரெசின் மரபணுவிலுள்ள பிழை காரணம். அப்பிழைகளில் பெரும்பாலானவை ஹார்மோன் பகுதியில் இல்லை, நியூரோபைசின் பகுதியில் இருக்கின்றன. சரியாக மடியாத புரதம் வெளியேற வழியின்றித் தேங்கி, நரம்பணுவை மெல்லக் கொல்கிறது. அதனால்தான் பிறந்தபோது நலமாக இருக்கும் குழந்தைக்கு, மாதங்களோ ஆண்டுகளோ கழித்து அடங்காத தாகமும் ஓயாத சிறுநீரும் தொடங்குகின்றன.

இவ்விரு ஹார்மோன்களின் மரபணுக்கள் எவ்வளவு தொன்மையானவை என்பதை 1997-இல் சிங்கப்பூர் மூலக்கூறு, உயிரணு உயிரியல் கழகத்தின் ஆய்வு ஒன்று காட்டியது. பைரப்பா வெங்கடேஷ், டேவிட் மர்ஃபி, சிட்னி பிரென்னர் அடங்கிய குழு எடுத்துக்கொண்டது ஃபுகு என்ற ஜப்பானியப் பேத்தை மீனை. நச்சுமீன்தான், ஆனால் அதன் மரபணுத் தொகுதி மனிதனுடையதில் சுமார் எட்டில் ஒரு பங்கு என்பதால் ஆராய எளிது. ஆக்சிடோசினுக்கு ஈடாக அதில் இருப்பது ஐசோடோசின். இரண்டுக்கும் 2 அமினோ அமிலங்களே வேறுபாடு. மீனின் ஐசோடோசின் மரபணுவை அதன் அக்கம்பக்க டிஎன்ஏவோடு எலியில் புகுத்தினார்கள். எலியின் ஆக்சிடோசின் நரம்பணுக்களிலேயே அது வேலை செய்தது. உடலின் உப்பு, நீர் நிலை மாறியபோது எலியின் மரபணுவைப் போலவே அதுவும் ஈடுகொடுத்தது. மீனும் பாலூட்டியும் வழிபிரிந்து 40 கோடி ஆண்டுகள் ஆகின்றன. பாலூட்டிகளில் ஆக்சிடோசின், வாசோப்ரெசின் மரபணுக்கள் எதிரெதிர்த் திசையில் அமைந்திருக்க, ஃபுகுவில் அவற்றின் இணைகள் ஒரே திசையில் அமைந்துள்ளன. இருந்தும் மரபணுவை இயக்கும் கட்டுப்பாட்டுத் தொடர்கள் புகுத்திய துண்டுக்குள்ளேயே இருந்ததும், எலியின் நரம்பணு அவற்றைப் புரிந்துகொண்டதும் இதில் தெளிவாயின.