வாடகை வாங்க வருபவருக்கு லைசென்ஸ் உண்டா?



கட்டடச் சொந்தக்காரரே முதல் தேதியில் கடைக்கு வந்து வாடகை வாங்கிப் போவது இப்போது குறைந்து வருகிறது. அவர் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருப்பார். வாடகை வாங்கவும், ரிப்பேர் பார்க்கவும், காலி செய்யச் சொல்லவும் ஒரு மேனேஜர் வருவார். அவருக்கு அரசாங்க லைசென்ஸ் வேண்டாமா என்று உறுப்பினர்கள் கேட்கிறார்கள்.

தமிழ்நாட்டில் கட்டட மேனேஜருக்கென்று தனி லைசென்ஸ் கிடையாது. அமெரிக்காவில் கலிபோர்னியா போன்ற மாநிலங்களில், கூலி பெற்றுப் பிறர் கட்டடத்தை வாடகைக்கு விட்டு நிர்வகிக்க புரோக்கர் லைசென்ஸ் வேண்டும். இங்கே 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டப்படி ஏஜெண்டுகள் பதிவு செய்கிறார்கள். அது விற்பனைக்கான பதிவு. அந்த நம்பரைக் காட்டுவதால் ஒருவருக்கு நம்மிடம் வாடகை வாங்கும் அதிகாரம் வந்துவிடாது.

லைசென்ஸ் இல்லாத இடத்தில் நமக்குப் பாதுகாப்பு, சொந்தக்காரர் எழுதிக் கொடுத்த அதிகாரம்தான். கம்பெனி ரசீதுப் புத்தகம் இல்லாமல் வரும் சேல்ஸ்மேனிடம் சரக்குப் பாக்கியை நாம் கொடுப்பதில்லை. வாடகைக்கும் அதே வழக்கம் வேண்டும்.

சொந்தக்காரர், வாடகைதாரர் உரிமைகளுக்கான 2017ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சட்டம், 22.2.2019 முதல் அமலில் உள்ளது. கடைகளுக்கும் இது பொருந்தும். அரசு, நகராட்சிக்குச் சொந்தமான கடைகளுக்குப் பொருந்தாது. மேனேஜர் இருந்தால் நாம் கவனிக்க வேண்டியவை:

1. மேனேஜரின் பெயர், அவரை நியமித்ததற்கு அத்தாட்சி, எந்தெந்தக் காரியத்துக்கு, எத்தனை காலத்துக்கு என்ற விவரங்களைச் சொந்தக்காரர் நமக்குத் தர வேண்டும். நிர்வாகம் ஒரு கம்பெனி என்றால், தொடர்பு கொள்ள வேண்டியவர் பெயரும் வேண்டும். வாடகை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யும் படிவத்திலேயே மேனேஜர் பெயருக்கு இடம் இருக்கிறது. அங்கே எழுதச் சொல்லுங்கள்.

2. பணம் கொடுத்த கையோடு கையெழுத்திட்ட ரசீது பெறுவது நம் உரிமை. முடிந்தவரை வாடகையைச் சொந்தக்காரர் வங்கிக் கணக்கிலேயே கட்டுங்கள்.

3. கடையைப் பார்வையிட வருவதென்றால் 24 மணி நேரம் முன்னதாக எழுத்தில் அறிவிக்க வேண்டும்.

4. தகராறு எதுவானாலும் கரண்ட், தண்ணீரை நிறுத்த மேனேஜருக்கு அதிகாரம் இல்லை. நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்கலாம்.

5. அட்வான்சை அவர் கையில் கொடுப்பதானால், அட்வான்ஸ் வாங்கும் அதிகாரம் அவருடைய கடிதத்தில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். வாடகை வாங்க மட்டும் வந்தவரிடம் அட்வான்சைக் கொடுத்தால், காலி செய்யும் நாளில் சொந்தக்காரர் கை விரிப்பார்.

பவர் பத்திரம் பற்றியும் ஒரு எச்சரிக்கை. கொடுத்தவர் காலமானால் பொதுவாக அந்தப் பவர் முடிந்துவிடும். இறந்த செய்தி தெரிந்த பிறகும் பழைய மேனேஜரிடமே வாடகை கொடுத்து வந்தால், நாளை வாரிசுகள் அதைப் பாக்கி என்பார்கள். இரண்டு மாத வாடகை நின்று, நோட்டீஸ் கொடுத்தும் ஒரு மாதத்துக்குள் கட்டவில்லை என்றால், காலி செய்யக் கோர அதுவே காரணம் ஆகிவிடும். இருபது வருடம் வாடிக்கை பிடித்த இடம் அப்படிக் கைவிட்டுப் போகக் கூடாது. யாருக்குக் கொடுப்பது என்று உண்மையாகவே சந்தேகம் வந்தால், வாடகை அதிகாரியிடம் டெபாசிட் செய்யச் சட்டம் வழி தருகிறது. வாடகையை நிறுத்தி வைக்காதீர்கள்.

மேனேஜர்கள் எல்லாம் மோசக்காரர்கள் என்று நாம் சொல்லவில்லை. நேர்மையானவர் கடிதம் காட்டத் தயங்கமாட்டார். எழுதாக் கடனுக்கு அழுதால் தீராது என்பது நமக்குப் பழகிய சொல். அடுத்த மாத வாடகை கொடுக்கும் முன், அதிகாரக் கடிதத்தின் நகலைக் கேட்டு வாங்கி ரசீதுகளோடு பத்திரப்படுத்துங்கள்.