நாலு மில்லிமீட்டரும் முந்நூறு கிலோமீட்டரும்

அமெரிக்காவிலும் கனடாவிலும் நகரம் தாண்டிய வீடுகளின் பின்புறத்தில் மூன்று மீட்டர் அகல வலை டிஷ்கள் சில இன்னும் நிற்கின்றன. 1980களில் நட்டவை. ஒரே டிஷ் திரும்பித் திரும்பிப் பல செயற்கைக்கோள்களைப் பிடிக்கும். அதைத் திருப்புவது பக்கவாட்டில் பூட்டிய ஆக்சுவேட்டர் என்னும் தண்டு. 36 வோல்ட் மோட்டார் உள்ளிருக்கும் திருகைச் சுழற்ற, கார் ஜாக்கியைப் போலக் குழாய் நீளும், சுருங்கும். டிஷ் திடமாக இருக்கும்போதே முதலில் தேய்வது இந்தத் தண்டுதான். மழைநீர் உள்ளே இறங்கித் துருவேறும், குளிரில் கிரீஸ் இறுகும், மரை தேய்ந்து ஆட்டம் கொடுக்கும்.

சுழலும் அச்சிலிருந்து 45 சென்டிமீட்டர் தள்ளித் தண்டு பிடித்திருப்பதாகக் கொள்வோம். அங்கே 8 மில்லிமீட்டர் நகர்ந்தால் டிஷ் ஒரு டிகிரி திரும்பும். நாலு மில்லிமீட்டர் ஆட்டம் அரை டிகிரி. செயற்கைக்கோள் இருக்கும் தூரத்தில் அது 300 கிலோமீட்டருக்கு மேல். வட அமெரிக்க வானத்தில் செயற்கைக்கோள்கள் இரண்டு டிகிரிக்கு ஒன்றாகக்கூட நிற்கின்றன. சிக்னல் வலுக்குறைந்த சேனல்களில் படம் கட்டம் கட்டமாகச் சிதற அந்த நாலு மில்லிமீட்டர் போதும்.

முன்னும் பின்னும் மட்டுமே போகத் தெரிந்த ஒரு தண்டு, வானில் வளைந்து கிடக்கும் செயற்கைக்கோள் வரிசையை எப்படிப் பின்தொடர்கிறது? இந்த டிஷ்ஷின் அழகே அதில்தான். டிஷ் சுழலும் அச்சை பூமியின் அச்சுக்கு இணையாகச் சாய்த்து நிறுத்தியிருக்கிறார்கள். எட்டாத் தொலைவில் உள்ள விண்மீன்களைத் தொடரும் தொலைநோக்கிக்கு அது போதும். செயற்கைக்கோள்களோ நிலநடுக்கோட்டுக்கு மேல் 35,786 கிலோமீட்டரில், அண்டையில் என்று சொல்லும்படி இருக்கின்றன. அதனால் டிஷ் சற்றுக் குனிந்து பார்க்கவேண்டும். 40 டிகிரி வட அட்சரேகையில் தெற்கே உச்சியில் நிற்கும் செயற்கைக்கோளுக்கு 6.3 டிகிரி குனிய வேண்டும். தொடுவானத்தை ஒட்டியதற்கு 5.6 போதும். இந்தச் சிறு வேறுபாட்டையும் ஈடுகட்ட அச்சையே இன்னும் கொஞ்சம் முன்னால் சாய்த்திருப்பார்கள். இத்தனை கணக்கும் நான்கைந்து போல்ட்டுகளில் அடங்கியிருக்கிறது.

ஆகவே தண்டை மாற்றும்போது அந்த போல்ட்டுகளைத் தொடவே கூடாது. முதலில் டிஷ்ஷைக் கயிற்றால் இறுக்கிக் கட்டவேண்டும்; சுழலாமல் தாங்கிப் பிடிப்பது தண்டு மட்டுமே என்பதால், கழற்றிய நொடியில் அது தன் எடையில் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஆளை அடித்துவிடும். புதிய தண்டின் நீளமும் ஓட்டமும் பழையதோடு பொருந்தவேண்டும். நீர் வடியும் துளை கீழ்நோக்கி இருக்கவேண்டும். அடுத்தமுறை தண்டு எத்தனை ஆண்டு கழித்துக் கெடும் என்பது பெரும்பாலும் அந்தத் துளையைப் பொறுத்தது.

தண்டு பொருந்தியும் டிஷ் எந்தச் செயற்கைக்கோளையும் கண்டுகொள்ளாமல் போகலாம். மோட்டார் சுழலச் சுழல ஒரு சின்னக் காந்தம், கண்ணாடிக் குழலுக்குள் இருக்கும் இரண்டு மெல்லிய உலோகத் தகடுகளை ஒட்டவும் பிரியவும் வைக்கிறது. ரிசீவர் அந்தத் துடிப்புகளை எண்ணுகிறது. அதற்கு ஒவ்வொரு செயற்கைக்கோளும் ஓர் எண், அவ்வளவுதான். புதிய திருகின் மரை இடைவெளி வேறு என்றால் பழைய எண்கள் ஒன்றுக்கும் உதவா. உச்சியில் நிற்கும் செயற்கைக்கோளிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகத் தேடி, எண்களைப் புதிதாகப் பதியவேண்டும். அச்சு கலையாமல் இருந்தால் அவை வரிசையாக வந்து அகப்படும்.

சரியாகத்தான் பார்க்கிறதா என்பதைச் சூரியனே சொல்லும். 40 டிகிரி வட அட்சரேகையில் மார்ச் தொடக்கத்திலும் அக்டோபர் முற்பகுதியிலும் சூரியன் செயற்கைக்கோள் வரிசைக்குப் பின்னால் கடந்துபோகிறது. டிஷ் குறிவைத்த செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் அது வரும் சில நிமிடங்களில் சூரியனின் ரேடியோ இரைச்சல் படத்தை அழித்துவிடும். அப்போது வெளியே வந்து பார்த்தால் டிஷ்ஷின் முன்னால் நின்று சிக்னலை வாங்கும் எல்என்பி என்னும் கருவியின் நிழல் டிஷ்ஷின் நட்டநடுவில் விழுந்திருக்கவேண்டும். விலகி விழுந்தால், எந்தப் பக்கம் எவ்வளவு திருத்தவேண்டும் என்பதை நிழலை வைத்தே அளந்துவிடலாம்.