வானியல் மென்பொருளும் கணக்கில் வராத உழைப்பும்

தொலைநோக்கி தருவது படமன்று, எண்களின் திரளே. கருவியாலும் வளிமண்டலத்தாலும் நேரும் பிழைகளை நீக்கி, அவ்வெண்களை அறிவாக மாற்றுவது மென்பொருள். கருவியும் கணினியும் காலப்போக்கில் மாறுவதால் அம்மென்பொருள் இடையறாது புதுப்பிக்கப்படல் வேண்டும். ஆயின், இப்புதுப்பித்தல் யாருடைய உழைப்பு என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகிறது.

அமெரிக்காவின் கிற் பீக் தேசிய வானாய்வகத்தில் 1981இல் தொடங்கப்பட்ட ஐராஃப் என்னும் மென்பொருள் தொகுதியைக் கொண்டே வானியலாளர் பலர் ஆய்வு செய்தனர். 2013க்குப் பின் நிறுவனம் அதன் வளர்ச்சிப் பணியைக் கைவிட, பயன்படுத்தியோரே அதனைப் பேணும் பொறுப்பை ஏற்றனர். 2011இல் தோன்றிய அஸ்ற்ரோபையும் பெரும்பாலும் ஊதியம் பெறாத இளம் ஆய்வாளரின் கூட்டுழைப்பால் வளர்ந்ததே. 2016இல் வெளியான ஆய்வுரையொன்று இந்நிலையையே 'அஸ்ற்ரோபைச் சிக்கல்' எனச் சுட்டிற்று.

ஆய்வுக் கட்டுரைகளின் எண்ணிக்கையே பதவிக்கு அளவுகோலாகும் அமைப்பில், நிரல் எழுதுவோரின் உழைப்பு புலப்படாது மறைகிறது. கருவி அனைவர்க்கும் பொதுவாயிருக்க, அதனைப் பேணுவோரின் வாழ்வு உறுதியற்றிருப்பதே இங்கு நாம் காணும் முரண்பாடு. கண்டுபிடிப்பைத் தனிமனித மேதைமையின் விளைவாகக் காட்டும் விஞ்ஞான வரலாறு இவ்வுழைப்பையும் கணக்கிற் கொள்ளல் வேண்டும் என்பதே எமது கருத்தாகும்.