காலேஜ் பக்கத்துல ஃப்ளாட்... வாடகையே இ.எம்.ஐ கட்டிடுமா? பொத்தேரி முதல் கேளம்பாக்கம் வரை ஒரு நிஜக் கணக்கு!

'காலேஜ் பக்கத்துல ஒரு ஃப்ளாட் வாங்கிப் போடுங்க சார். வாடகையே இ.எம்.ஐ கட்டிடும்!' செங்கல்பட்டு மாவட்டத்தில் வீடு தேடிப் போகிறவர்களின் காதில் அடிக்கடி விழும் வசனம் இது. ரிட்டயர்மென்ட் பணத்தையோ, பிள்ளை வெளிநாட்டிலிருந்து அனுப்பும் பணத்தையோ கையில் வைத்திருப்பவர்களுக்கு ஆசை வரத்தான் செய்யும். கையெழுத்துப் போடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

ஏன் இந்த ஏரியா?

ஜி.எஸ்.டி சாலையில் பொத்தேரி ரயில் நிலையத்தை ஒட்டியே எஸ்.ஆர்.எம் பல்கலைக்கழகம். வண்டலூரில் கிரசென்ட். வண்டலூர் - கேளம்பாக்கம் சாலையில் வி.ஐ.டி., மேலக்கோட்டையூரில் ட்ரிபிள் ஐ.டி.டி.எம். ஓ.எம்.ஆர் பக்கம் போனால் படூரில் இந்துஸ்தான், காலவாக்கத்தில் எஸ்.எஸ்.என்., தையூரில் ஐ.ஐ.டி-யின் புதிய வளாகம். 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையமும் திறக்கப்பட்டது. வாடகைக்கு ஆள் கிடைப்பது இங்கே பெரிய பிரச்னை இல்லை. கணக்கு கட்டுப்படியாகுமா என்பதுதான் கேள்வி.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்!

உதாரணத்துக்கு, 50 லட்சம் ரூபாய்க்கு ஒரு பழைய ஃப்ளாட் வாங்குகிறீர்கள். மறுவிற்பனை வீட்டுக்கு முத்திரைத்தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%. ஆக, 4.5 லட்சம் கூடுதல். மொத்தம் 54.5 லட்சம்.

மாத வாடகை 18,000 என்று வைத்துக்கொள்வோம். செமஸ்டர் விடுமுறை, ஆள் மாறும் இடைவெளி என இரண்டு மாதம் காலி. வருட வரவு 1,80,000. அதில் மெயின்டனன்ஸ் மாதம் 3,000 வீதம் 36,000 போகும். சொத்து வரி, பெயின்ட், குழாய் ரிப்பேருக்கு 24,000. மிச்சம் 1,20,000. போட்ட பணத்துக்கு 2.2% தான்! வங்கி டெபாசிட்டே இதைவிட அதிகம் தரும்.

கடன் வாங்கினால்? 40 லட்சத்துக்கு 8.5% வட்டியில், 20 வருடத்துக்கு இ.எம்.ஐ சுமார் 34,700. வாடகை அதில் பாதிதான். மீதி உங்கள் சம்பளத்திலிருந்து போகும்.

அப்படியானால் லாபமே இல்லையா? இருக்கலாம். ஆனால், அது வாடகையில் இல்லை, வீட்டின் விலை ஏறுவதில் இருக்கிறது. கட்டடம் வருடா வருடம் பழசாகும். விலை ஏறுவது நிலத்துக்குத்தான். அதனால் 'எத்தனை சதுர அடி வீடு?' என்பதோடு, 'எனக்குப் பிரிபடாத நிலப் பங்கு (யு.டி.எஸ்) எவ்வளவு?' என்றும் கேளுங்கள்.

ஒரே குடித்தனக்காரர்... மாணவர்!

மாணவர்களை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதை 2020 மார்ச் காட்டியது. கொரோனாவால் கல்லூரிகள் மூடப்பட, பிள்ளைகள் ஊருக்குப் போய்விட்டார்கள். இ.எம்.ஐ-யை எப்படியும் கட்டித்தானே ஆக வேண்டும்? பல்கலைக்கழகமே புது ஹாஸ்டல் கட்டினாலும் உங்களுக்குப் போட்டிதான். ஆகவே, ஒரு குடும்பமோ, ஐ.டி ஊழியரோ குடிவரக்கூடிய இடமா என்று பாருங்கள். பள்ளிக்கூடம், கடைத்தெரு, ரயில் நிலையம் பக்கத்தில் இருந்தால் நல்லது.

சாவி கொடுத்தால் கடமை முடியவில்லை!

2024 ஆகஸ்ட் இறுதியில், பொத்தேரியில் மாணவர்கள் அதிகம் தங்கியிருந்த ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் நூற்றுக்கணக்கான போலீஸார் போதைப்பொருள் சோதனை நடத்தினார்கள். மாணவர்கள் சிலர் கைதானார்கள். வெளியூரில் உட்கார்ந்துகொண்டு புரோக்கரை நம்பி வீட்டை விடுகிறவர்களுக்கு இது எச்சரிக்கை மணி.

யார் குடியிருக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கல்லூரி அடையாள அட்டை, ஆதார் நகல் வாங்குங்கள். பெற்றோரிடம் ஒருமுறை பேசிவிடுங்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தம் எழுத்து வடிவில் இருக்க வேண்டும். வாடகை அதிகார அமைப்பிடம் பதிவும் செய்ய வேண்டும். பேச்சிலர்களுக்கு வீடு விடுவது பற்றி அப்பார்ட்மென்ட் சங்கம் என்ன சொல்கிறது என்பதையும் வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

மாமல்லபுரம் பக்கம் வேறு கதை!

கடற்கரையோரம் போகப் போக, வாடகைக்கு வருவது மாணவர் அல்ல, சுற்றுலாப் பயணி. சனி, ஞாயிறு நிரம்பும். வார நாள்களில் காலி. கூடவே, கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் உண்டு. தொல்லியல் துறையின் பாதுகாக்கப்பட்ட சின்னங்களிலிருந்து 100 மீட்டர் வரை புதுக் கட்டுமானத்துக்குத் தடை. அதற்கடுத்த 200 மீட்டருக்குள் கட்ட முன் அனுமதி வேண்டும்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன்...

* புது புராஜெக்ட் என்றால், தமிழ்நாடு ரெரா தளத்தில் பதிவு எண்ணைச் சரிபாருங்கள்.
* வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம், சி.எம்.டி.ஏ அல்லது டி.டி.சி.பி ஒப்புதல் மூன்றையும் வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.
* விலை 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால், 1% டி.டி.எஸ் பிடித்துக் கட்டவேண்டியது வாங்குபவரின் பொறுப்பு.
* 2015 வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் மூழ்கியதை மறக்க வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் ஒரு மழை நாளில் போய், தெருவில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பக்கத்துப் பெட்டிக்கடைக்காரரிடம் விசாரித்தால் புரோக்கர் சொல்லாததும் தெரியவரும்.
* 'காலேஜுக்கு ஐந்து நிமிடம்' என்றால், காலை எட்டு மணிக்கு நீங்களே நடந்து பாருங்கள்.

இத்தனைக்கும் பிறகு கணக்கு சரிவந்தால் தாராளமாக வாங்கலாம். வாடகை வராத ஆறு மாதத்தையும் உங்கள் குடும்பம் கடன் இல்லாமல் தாங்குமா என்பதை மட்டும் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள்.